மாணவிகளிடையே மோதல்: தண்டிப்பதா, சமாதானம் பேசுவதா, தனித்தனியே கூப்பிடுவதா?

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரமாக மதிய இடைவேளையில் நூலகத்தில் போய் உட்காருகிறாள். படிக்கிற பொண்ணு என்று வகுப்பு ஆசிரியர் நினைத்துக்கொள்கிறார். நான்காவது வாரம், கழிப்பறை வாசலில் அவள் இன்னொருத்தியின் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் தள்ளுகிறாள். நாலைந்து ஃபோன்கள் படம் பிடிக்கின்றன. பள்ளியின் பதிவேட்டில் ஏறுவது அந்த 20 விநாடி மட்டும்தான். முந்தைய மூன்று வாரம் ஏறுவதில்லை. யார் தாக்கியவள், யார் தாக்கப்பட்டவள் என்ற கேள்விக்கே இங்கே நேரான பதில் கிடையாது.

இப்படி ஒரு விஷயம் மேஜைக்கு வந்தால் பள்ளியின் முன்னால் இருக்கும் வழிகள் ஆறேழுதான்: சஸ்பென்ஷன், சமரசப் பேச்சு, சம்பந்தப்பட்டவர்களைத் தனித்தனியாகச் சந்திப்பது, எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து இழப்பைச் சரிசெய்யும் கூட்டம், தனி கவுன்சலிங், பிரிவு மாற்றம், பள்ளி முழுவதற்குமான திட்டம். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒரு வழக்கில் மருந்தாக இருப்பது இன்னொன்றில் காயத்தை ஆழமாக்கும். அதிகம் தவறாகப் பயன்படுவது, பார்க்க மிக நல்லதாகத் தெரிகிற ஒன்று: இரண்டு பேரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் கை குடுங்க" என்று முடித்துவைப்பது.

முதலில் தரம் பிரிக்க வேண்டும்

பின்லாந்து ஆய்வாளர்கள் 1988-இலேயே, முகத்துக்கு நேராகத் தாக்காமல் சுற்றி வளைத்துத் தாக்குவதைத் தனி வகையாக அளந்து காட்டினார்கள். வதந்தி பரப்புவது, குழுவிலிருந்து ஒதுக்குவது, "அவகூடப் பேசினா என்கூடப் பேசாதே" என்று நட்பையே ஆயுதமாக்குவது ஆகியவற்றுக்கு அமெரிக்காவில் நிக்கி கிரிக், ஜெனிஃபர் க்ரோட்பீட்டர் இருவரும் 1995-இல் 'உறவுவழித் தாக்குதல்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அதிலிருந்து "பெண் பிள்ளைகள் என்றாலே முதுகில் குத்துவார்கள்" என்றொரு வசனம் ஊர் ஊராகப் பரவிவிட்டது. 2008-இல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த அலசல் அதை மறுத்தது. நேரடி அடிதடியில் பையன்கள் முன்னால் நிற்கிறார்கள். மறைமுகத் தாக்குதலில் இருபாலருக்கும் உள்ள வித்தியாசம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஆகவே "பொண்ணுங்கன்னா இப்படித்தான்" என்று ஒரு புகாரைத் தள்ளிவைப்பவர் அனுபவம் பேசவில்லை, சோம்பல் பேசுகிறார்.

நார்வேயின் உளவியலாளர் டான் ஓல்வியஸ் கொடுமைப்படுத்தலுக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. உயர்நிலைப் பள்ளியில் முடிவைத் தீர்மானிப்பது மூன்றாவதுதான். ஆனால் மாணவிகளிடையே பலம் என்பது உடம்பிலோ மதிப்பெண்ணிலோ தெரிவதில்லை. அதை அளக்க ஒரே கேள்வி போதும்: நாளைக்கு இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை என்றால், மதியம் தனியாக உட்காரப்போவது யார்? இரண்டு பேருக்கும் ஆள் இருந்தால் அது சண்டை. ஒருத்திக்கு மட்டும் யாரும் இல்லை என்றால் அது முற்றுகை. முன்னால் சொன்ன நூலகத்து மாணவி முற்றுகையில் இருந்தவள். கடைசியில் கை ஓங்கியவளும் அவளே. இந்த வகையை 'பதிலடி' என்று தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்காவது வகை, யாரோடும் ஒத்துப்போகாமல், சின்னச் சீண்டலுக்கும் வெடிக்கிற தனி ஒருத்தி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் போதும். இரண்டு பாட வேளை ஆசிரியர்களிடமும் இடைவேளை மேற்பார்வையாளரிடமும் யார் யாரோடு இருக்கிறார்கள் என்று கேட்டால் பாதிப் படம் கிடைத்துவிடும். ஸ்கிரீன்ஷாட் கொண்டுவந்தால் அதற்கு முன்னால் வந்த இருபது செய்திகளையும் கேளுங்கள். வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் எப்போதும் ஒருத்திதான் வில்லி. குரூப்பில் எத்தனை பேர், யார் எப்போது நீக்கப்பட்டார்கள் என்பது செய்திகளைவிட அதிகம் சொல்லும்.

சில விஷயங்களில் ஒப்பீட்டுக்கே இடமில்லை. ஆயுதம், சிகிச்சை தேவைப்படும் காயம், உயிர் பயம் காட்டும் மிரட்டல், அந்தரங்கப் படம் இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றே பெற்றோருக்கும் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்புக்கும் தெரிவிக்க வேண்டும். அந்தரங்கப் படம் என்றால் ஆசிரியர் அதைத் திறந்து பார்ப்பதோ, 'ஆதாரத்துக்கு' தன் ஃபோனுக்கு அனுப்பிக்கொள்வதோ கூடாது. ஃபோனை அணைத்து உறையில் போட்டு ஒப்படைப்பதோடு சரி. இரண்டு தரப்பு மாணவிகளிடமும், அடித்தவள் உட்பட, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை.

சஸ்பென்ஷன்

இதன் நன்மை ஒன்றுதான், ஆனால் சின்னதல்ல: பாதிக்கப்பட்டவளுக்கும் ஆசிரியர்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. கைகலப்பு நடந்திருந்தால் ஒன்று முதல் மூன்று நாள் வரை நியாயமான இடைவெளி. நடத்தையைத் திருத்தும் கருவியாக இதை நம்பினால் ஏமாற்றம்தான். அமெரிக்க உளவியல் கழகத்தின் குழு 2008-இல் வெளியிட்ட அறிக்கை, 'சிறிதும் பொறுக்காத' தண்டனை முறைகள் பள்ளியைப் பாதுகாப்பாக்கியதற்குச் சான்றில்லை என்றும், சஸ்பெண்ட் ஆனவர்களிடம் பிற்பாடு ஒழுங்கீனம் அதிகமாகவே காணப்பட்டது என்றும் சொன்னது.

மாணவிகள் விஷயத்தில் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஒதுக்கிவைப்பதைத் திட்டமிடுபவள் பெரும்பாலும் எதையும் தட்டச்சு செய்வதில்லை. அவளைத் திருப்திப்படுத்த நினைக்கும் இரண்டாம் வரிசைக்காரிதான் செய்தியை அனுப்புகிறாள், படம் எடுக்கிறாள். ராபர்ட் ஃபாரிஸ், டயான் ஃபெல்ம்லீ 2011-இல் வெளியிட்ட ஆய்விலும், வகுப்பில் அந்தஸ்து ஏற ஏற மூர்க்கமும் ஏறி, உச்சியில் இருக்கும் மிகச் சிலரிடம் மட்டும் குறைவது தெரிந்தது. ஏணியில் ஏறிக்கொண்டிருப்பவள்தான் காலை வாருகிறாள். ஆதாரத்தை வைத்துத் தண்டிக்கும்போது மாட்டுவது அவளும், பதிலடி கொடுத்தவளும். சூத்திரதாரி சாட்சி சொல்ல வந்து நிற்பாள்.

சஸ்பெண்ட் செய்தே ஆகவேண்டுமென்றால் திரும்பி வரும் நாளைத் திட்டமிடுங்கள். முதல் மணி அடிக்கும் முன் 20 நிமிடம், பொறுப்பாசிரியரும் அந்த மாணவியும் மட்டும். எங்கே உட்காருவாள், யாரோடு பேச வேண்டியதில்லை, யாராவது சீண்டினால் எந்த அறைக்கு வரலாம் என்ற மூன்றையும் சொல்லி அனுப்ப வேண்டும். இது இல்லாமல் வகுப்புக்குள் விட்டால் முதல் இடைவேளையிலேயே இரண்டாம் பாகம் தொடங்கும். படம் எடுத்துப் பரப்பியவர்களுக்கும் விளைவு இருக்க வேண்டும். பெரும்பாலான பள்ளிகள் அவர்களைப் பார்வையாளர்களாக எண்ணி விட்டுவிடுகின்றன.

சமரசப் பேச்சு

சம பலம் உள்ள இருவரின் சண்டைக்கு இதைப் போல மலிவான, விரைவான வழி கிடையாது. முப்பது, நாற்பது நிமிடம். நடுவில் ஓர் ஆசிரியர் அல்லது பயிற்சி பெற்ற மூத்த மாணவி. ஒருத்தி பேசும்போது மற்றவள் குறுக்கிடக் கூடாது. பேசி முடித்ததும் கேட்டவள் அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லும் அந்த இடத்தில்தான் பாதிச் சண்டை கரைகிறது: "அவ என்னைப் பார்த்துச் சிரிச்சான்னு நெனச்சேன்" என்று ஒருத்தி சொல்ல, "நான் உன்னைப் பார்க்கவே இல்லையே" என்று மற்றவள் திகைப்பாள். முடிவில் "இனிமேல் ஒற்றுமையாக இருப்போம்" என்று எழுதி வாங்காதீர்கள். "அவளைப் பற்றி மூன்றாவது ஆளிடம் பேச மாட்டேன், கோபம் வந்தால் அவளிடமே சொல்வேன்" என்பதுபோல், மீறினால் கண்டுபிடிக்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். தோழியாக இருப்பேன் என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இதே மேஜையில் முற்றுகையில் இருப்பவளை உட்கார வைத்தால் என்ன ஆகும்? எதிரே இருப்பவள் இனிமையாகப் பேசுவாள், மன்னிப்பும் கேட்பாள். இவள் "பரவாயில்லை" என்பாள். வேறு என்ன சொல்ல முடியும்? வெளியே போனதும் "மிஸ்கிட்ட போய் அழுதிருக்கா" என்பது புதிய கேலியாகும். அடுத்த முறை அவள் யாரிடமும் வரமாட்டாள். புகார் நின்றுவிட்டதால் பிரச்சினை தீர்ந்ததாகப் பள்ளி கணக்கு வைத்துக்கொள்ளும்.

தனித்தனிச் சந்திப்பு

குழுவாகச் சேர்ந்து ஒருத்தியை ஒதுக்கும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது இது என்பது எங்கள் கருத்து. ஸ்வீடன் உளவியலாளர் அனடோல் பிகாஸ் வகுத்த 'பகிர்ந்த அக்கறை' முறை இதற்கு அடிப்படை. குழு ஒன்றாக இருக்கும்போது ஒரே குரலில் பேசும். தனியாகப் பிரித்தால் ஒவ்வொருத்திக்கும் உள்ளே ஒரு நெருடல் இருப்பது தெரியும். அடுத்து ஒதுக்கப்படப்போவது தானோ என்ற பயமும் அந்த நெருடலில் ஒரு பங்கு.

நடைமுறை இதுதான். சம்பந்தப்பட்டவர்கள் நான்கைந்து பேர் என்றால் ஒரே காலையில், ஒருத்தி வெளியே போய் அடுத்தவளிடம் பேச இடம் கொடுக்காமல், அடுத்தடுத்துச் சந்திக்க வேண்டும். தலைவி என்று தோன்றுபவள் முதலில். ஆளுக்குப் பத்து, பதினைந்து நிமிடம். குற்றச்சாட்டில் தொடங்கக் கூடாது.

"உங்க வகுப்புல ஒருத்தி கொஞ்ச நாளா ரொம்பக் கஷ்டப்படறான்னு தெரிய வந்துச்சு. நீ ஏதாவது கவனிச்சியா?"

"இல்ல மிஸ்." பிறகு மௌனம். ஆசிரியர் அந்த மௌனத்தை நிரப்பக் கூடாது. பத்து விநாடி நீளமாகத்தான் இருக்கும். "...அவதான் எங்ககூட வர்றதில்ல."

"அவளுக்கு இப்ப எப்படி இருக்கும்னு நினைக்கிற?"

"...நல்லா இருக்காது."

"சரி. அவளுக்குக் கொஞ்சம் லேசாக நீ என்ன பண்ணலாம்? பெரிசா வேண்டாம். ஒண்ணு சொல்லு."

அந்த ஒன்று அவள் வாயிலிருந்து வர வேண்டும். "லேப்ல என் பக்கத்துல உட்காரச் சொல்றேன்" என்பது நல்ல பதில். "நல்லா நடந்துக்கறேன்" என்பது பதிலே இல்லை. "வியாழக்கிழமை பார்க்கிறேன்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். எல்லோரையும் பார்த்த பிறகு பாதிக்கப்பட்டவளிடம் அரை மணி நேரம். ஒரு வாரம் கழித்து ஒவ்வொருத்தியையும் மறுபடி சில நிமிடம். மாற்றம் தெரிந்தால் குழுவை ஒன்றாக உட்காரவைத்து, கடைசியாக அவளையும், அவள் சம்மதித்தால் மட்டும், சேர்த்துப் பேசலாம். மொத்தம் இரண்டு மூன்று வாரத்தில் ஐந்து மணி நேரம் ஆகும்.

கெடுவது எங்கே? முதல் சந்திப்பில் ஆசிரியர் கோபப்பட்டு "எனக்கு எல்லாம் தெரியும்" என்றால் முறை அங்கேயே முறிந்தது. வியாழக்கிழமை பார்க்கிறேன் என்றவர் பார்க்காமல் விட்டாலும் அப்படியே.

இந்த மென்மை எல்லா இடத்திலும் செல்லாது. பின்லாந்தின் டுர்கு பல்கலைக்கழகத்தில் உருவான, பள்ளிகளில் கொடுமைப்படுத்தலைத் தடுக்கும் கிவா திட்டம், "நீ செய்வது தவறு, உடனே நிற்க வேண்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழியையும், குற்றம் சாட்டாத வழியையும் பள்ளிகளில் ஒப்பிட்டது. 2014-இல் வந்த முடிவின்படி மொத்தத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. ஆனால் 7 முதல் 9 வரையுள்ள வகுப்புகளிலும், தொடங்கிக் கொஞ்ச காலமே ஆன வழக்குகளிலும் நேராகச் சொல்வது கூடுதலாகப் பலித்தது. ஆகவே யார் செய்தார் என்பது ஐயமின்றித் தெரிந்து, விஷயமும் புதிதாக இருந்தால் நேராகவே சொல்லிவிடலாம்: இன்னது நடந்தது, இது இன்றோடு நிற்கும், அடுத்த வாரம் பார்ப்போம். ஐந்து நிமிடம், குரல் உயராமல், மற்ற மாணவிகள் இல்லாத இடத்தில். யார் என்ன செய்தார்கள் என்பதே மங்கலாக, மாதக்கணக்கில் ஊறிப்போன ஒதுக்கலுக்கு பிகாஸ் வழியையே நாங்கள் எடுப்போம். நிரூபிக்க முடியாத குற்றத்தை நேராகச் சாட்டினால் மறுப்பு மட்டுமே மிஞ்சும்.

வட்டமாக உட்காரும் கூட்டம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1994 வாக்கில் பள்ளிகளுக்குள் வந்த முறை இது. என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், யாருக்கெல்லாம் பாதிப்பு, அதைச் சரிசெய்ய என்ன தேவை என்ற கேள்விகளை மாணவிகள், பெற்றோர், ஆசிரியர் எல்லோர் முன்னாலும் கேட்பது. கைகலப்பு, பொருள் சேதம், வீடியோ பரப்பியது போன்ற, நடந்ததை யாரும் மறுக்காத வழக்குகளில் இதன் பலம் தெரியும். தன் வீடியோவைத் தன் தம்பியும் பார்த்துவிட்டான் என்று எதிரே இருப்பவள் சொல்லும்போது, பரப்பியவளின் முகம் மாறுவதை எந்த சஸ்பென்ஷன் கடிதத்தாலும் வரவழைக்க முடியாது.

விலை அதிகம். கலந்துகொள்ளும் ஒவ்வொருவரோடும் முன்கூட்டியே அரை மணி நேரமாவது தனியாகப் பேச வேண்டும். கூட்டம் ஒன்று, ஒன்றரை மணி நேரம். நடத்துபவருக்குப் பயிற்சி வேண்டும். செய்ததை ஒப்புக்கொள்ளாதவளை இங்கே உட்கார வைத்தால் அது விசாரணை மன்றமாகிவிடும். முன்தயாரிப்பைச் சுருக்கிய கூட்டங்களில்தான் பெற்றோர் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்துகிறார்கள். எந்த வழியானாலும், முதல் நாளே இரண்டு வீட்டாரையும் ஒரே அறைக்கு அழைக்காதீர்கள்.

தனி கவுன்சலிங்

வெடிக்கிற தனி ஒருத்திக்கும், பதிலடி கொடுத்தவளுக்கும் இது கட்டாயம். குழுவாகச் சேர்ந்து ஒதுக்குபவர்களுக்கு இது முதல் மருந்தல்ல. அவர்கள் பிரச்சினை கோபம் அல்ல, கணக்கு. வாரம் ஒரு முறை, 45 நிமிடம், எட்டிலிருந்து பன்னிரண்டு அமர்வு என்பது நடைமுறைக்கு ஒத்த அளவு. முதல் இரண்டு அமர்வில் வீடு, தூக்கம், அவள்மீது யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பதெல்லாம் தெரிய வேண்டும். பதின்வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இரவு ஒரு மணி வரை குரூப் சண்டை படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் காலையில் கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுப்பது வீண் வேலை.

அடிக்கடி கோபப்படும் பிள்ளைகள் இரண்டு பொருள் தரும் செயலில் பகைமையையே முதலில் வாசிக்கிறார்கள். அதைத் தளர்த்த ஒரு பயிற்சி: செய்தி அனுப்பியாயிற்று, நீல டிக் விழுந்துவிட்டது, இரண்டு மணி நேரமாகப் பதில் இல்லை. காரணமாக இருக்கக்கூடிய ஐந்தை எழுதச் சொல்லுங்கள். முதலில் வருவது எப்போதும் "வேணும்னே பண்றா"தான். நாலாவது, ஐந்தாவதுக்கு அவள் திணறுவாள். திணறட்டும், பயிற்சி நடப்பது அங்கேதான்.

ஒரு தவறை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்: பள்ளியின் 'சண்டைக்காரிகள்' எட்டுப் பேரையும் ஒரே குழுவாக உட்காரவைத்துக் கோபக் கட்டுப்பாட்டு வகுப்பு நடத்துவது. டிஷன், மெக்கார்ட், பூலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999-இல் காட்டியபடி, பிரச்சினை உள்ள பதின்வயதினரை ஒன்றுசேர்த்தால் ஒருவர் சொல்லும் சாகசத்துக்கு மற்றவர் சிரித்தே அதை வளர்த்துவிடுகிறார்கள்.

பிரிவு மாற்றம்

பாதிக்கப்பட்டவளே கேட்டால் மட்டும். அவள் கேட்காமல் மாற்றினால் தண்டனை அவளுக்குத்தான். ஃபோனும் கூடவே போகும் என்பதால் ஒதுக்கலும் பின்னாலேயே போகும்.

பள்ளி முழுவதற்குமான திட்டம்

இன்றைய புகாருக்கு இது விடையல்ல, அடுத்த ஆண்டின் புகார்களுக்கு. ஆனால் வாங்கும் முன் ஒன்று கவனிக்க வேண்டும். 2015-இல் டேவிட் யேகரும் உடன் ஆய்வாளர்களும் பழைய சோதனைகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, ஏழாம் வகுப்பு வரை பலன் தந்த கொடுமைத் தடுப்புத் திட்டங்கள் எட்டாம் வகுப்பிலிருந்து பலனற்றுப் போயிருந்தன. பெரியவர்கள் மேடை ஏறிச் சொல்வதைக் கேட்கும் வயது அதற்குள் கடந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒரு நாள் பேச்சாளரைக் கூப்பிட்டுச் சுவரொட்டி ஒட்டுவதற்கு ஆகும் செலவை மிச்சப்படுத்தலாம்.

அந்த வயதிலும் வேலை செய்வது மாணவர்களின் கையில் விடுவது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 56 நடுநிலைப் பள்ளிகளில் நடந்து 2016-இல் வெளியான சோதனையில், சில மாணவர்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் வழியாகவே சண்டைக்கு எதிரான மனநிலையைப் பரப்பினார்கள். மோதல் தொடர்பான ஒழுங்கு அறிக்கைகள் ஓராண்டில் சுமார் 30 சதவீதம் குறைந்தன. மற்றவர்கள் அதிகம் கவனிக்கும் பிள்ளைகள் குழுவில் கூடுதலாக இருந்த பள்ளிகளில் பலனும் கூடுதல். ஆசிரியருக்குப் பிடித்த நல்ல பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் பள்ளிகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. "நீ அதிகம் நேரம் செலவிடும் பத்துப் பேர் யார்?" என்று எல்லோரிடமும் எழுதி வாங்கி, அதிகம் இடம்பெறும் பெயர்களை எடுக்க வேண்டும். அதில் நாக்கு நீளமான இரண்டு பேர் இருப்பார்கள். இருக்கட்டும், அவர்கள் இல்லாமல் இது நகராது. கனடாவில் விளையாட்டுத் திடல்களைப் படம்பிடித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், உடனிருந்த ஒரு பிள்ளை குறுக்கிட்ட சம்பவங்களில் பாதிக்கு மேல் பத்து விநாடிக்குள் நின்றுபோனது. அவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள்தான். இருந்தாலும் எந்த ஆசிரியராலும் பத்து விநாடியில் அங்கே போய்ச் சேர முடியாது.

நூலகத்து மாணவிக்கு எது?

அன்றே: முதலில் கூட்டத்தை ஓர் ஆசிரியர் கலைக்கிறார், இன்னொருவர் இருவரையும் வெவ்வேறு அறைக்குக் கூட்டிப்போகிறார். படபடப்பு அடங்க அரை மணி நேரம் விட்டுத்தான் கேள்வி. தள்ளியதற்கு விளைவு உண்டு, ஒரு நாள் வீட்டில். பெற்றோரிடம் சொல்லும்போது மூன்று வார முற்றுகையும் சேர்ந்தே சொல்லப்படுகிறது. வீடியோ எடுத்தவர்களின் பெற்றோருக்கும் அன்றே அழைப்பு, எல்லாப் பிரதிகளும் அழிக்கப்படுகின்றன. ஒரு பிரதி மட்டும் பள்ளி நிர்வாகத்திடம். மறுநாள் காலை ஒதுக்கிய குழுவோடு தனித்தனிச் சந்திப்பு. அவளுக்கு அந்த வாரமே கவுன்சலிங் தொடங்குகிறது. வட்டக் கூட்டம் இப்போது வேண்டாம்; மூன்றாவது வாரம், இருவரும் விரும்பினால்.

பிறகு மூன்றாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் என்று நாட்காட்டியில் குறித்துவைத்து அவளைப் பார்க்க வேண்டும். "எல்லாம் சரியாயிடுச்சா?" என்று கேட்டால் "சரி மிஸ்" என்றுதான் பதில் வரும். "நேத்து மத்தியானம் யார் பக்கத்துல உட்கார்ந்த?" என்று கேளுங்கள். ஒரு பெயர் வர வேண்டும்.